புள்ளிக்குப் பிறகு எழுத்து

எங்கள் அத்தை 'அம்மா' என்று அடிக்கும்போது முதலில் 'அ' விழும். அடுத்து விழுவது 'ம' இல்லை, புள்ளி. வெறும் காகிதத்தில், கீழே எழுத்தே இல்லாமல், அந்தரத்தில் ஒரு புள்ளி. அதன் பிறகுதான் அதற்கடியில் 'ம' வந்து உட்காரும். சின்ன வயதில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அத்தை தலைகீழாகச் செய்தார். கேட்டால், "மிஷினுக்கு அப்டித்தான்டா" என்பார்.

இந்தக் கட்டுரை அந்தப் புள்ளியைப் பற்றியது. போன மழைக்காலத்தில் ஒரு பழைய சிடியுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எழுதத் தோன்றியது. சிடிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஊர். கருங்குழி என்றால் பலருக்கும் வள்ளலார் நினைவுக்கு வருவார். அது வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி. எங்களுடையது ஜிஎஸ்டி சாலையில் மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் வரும் கருங்குழி. ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஒரு பேரூராட்சி, ஒரு ஏரி, கோட்டை இருந்த இடம். 1759-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அயர் கூட் வந்தவாசியைப் பிடித்த கையோடு பிடித்த கோட்டை அது. அதற்கப்புறம் வரலாறு எங்களை அதிகம் தொந்தரவு செய்யவில்லை. பஸ்கள் நிற்கும், இளநீர் விற்கும், போய்விடும்.

அத்தை 1983-இல் கடைத்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார். ஐந்து இங்கிலீஷ் மிஷின், இரண்டு தமிழ் மிஷின். ரெமிங்டனும் கோத்ரெஜும் கலந்து. பத்தாவது முடித்த பெண்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வருவார்கள். லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தால் கவர்மென்ட் வேலை என்று ஒரு நம்பிக்கை, அதில் பாதி நிஜமும்கூட. டைப்பிஸ்ட் வேலைக்கு அந்தச் சான்றிதழ்தான் நுழைவுச்சீட்டு. பாடம் அ, ஆவில் தொடங்காது. ய, ள, ன, க என்று தொடங்கும். இடது கையின் நான்கு விரல்கள் ஓய்வெடுக்கும் இடத்து எழுத்துகள் அவை. எங்கள் வீட்டில் குழந்தைக்கு மூன்று அகரவரிசை என்று அப்பா கிண்டல் செய்வார்: ஏ பி சி டி, அ ஆ இ ஈ, ய ள ன க.

புள்ளி ஏன் முன்னால் வந்தது என்பதற்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர். முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்தவர். இளம் வயதில் மலேயாவுக்குப் போய், சிங்கப்பூரில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத் தட்டச்சுப்பொறியை தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, இது ஏன் நம் மொழியில் இல்லை என்று தோன்றியது. தமிழில் எழுத்துகள் 247. மிஷினில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள், ஷிஃப்டைச் சேர்த்தாலும் தொண்ணூறு சொச்சம் அச்சுகள். அவர் எழுத்துகளை எண்ணுவதை விட்டுவிட்டு எழுத்துகளின் துண்டுகளை எண்ணத் தொடங்கினார். கொம்பு ஒன்று, கால் ஒன்று, புள்ளி ஒன்று. துண்டுகளைச் சேர்த்தால் எழுத்து. 'கொ' அடிக்க வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று இடமிருந்து வலமாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடித்துக்கொண்டு போகலாம்.

புள்ளிதான் சிக்கல். அது பக்கத்தில் உட்காராது, தலைமேல் உட்காரும். ஒரு விசையை அடித்ததும் காரியேஜ் ஓர் இடம் நகர்ந்துவிடுமே, எழுத்தை அடித்த பிறகு புள்ளி வைக்கப் போனால் எழுத்து தாண்டிப் போயிருக்கும். அதற்கு வழி, நகராத விசை. புள்ளியை அடித்தால் காரியேஜ் அசையாது, அதே இடத்தில் நிற்கும். அடுத்து எழுத்தை அடித்தால் அதன் தலையில் புள்ளி ஏற்கெனவே காத்திருக்கும். பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் மிஷினில் தலைக்குறிகளை இப்படித்தான் அடித்தார்கள். முத்தையாவின் விசைப்பலகையோடு ஜெர்மனியில் தமிழ் மிஷின்கள் வார்க்கப்பட்டன. 'பிஜோ' என்ற கையடக்க மிஷின் அவற்றில் பேர்பெற்றது. 1956-இல் சென்னை மாகாணத்தில் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அரசு அலுவலகங்கள் தமிழுக்கு மாறத் தொடங்கியபோது மாறுவதற்கு ஒரு மிஷின் தயாராக இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வரிசையில் மாற்றங்கள் வந்தன என்றாலும் துண்டுகளைச் சேர்க்கும் அந்த யோசனை மாறவில்லை.

ஒரு வகையில் இது மோசமான வடிவமைப்பு. இரும்பின் குறையை விரல் சுமக்கிறது. ஆனால் சுமந்து சுமந்து அது விரலின் அறிவாக மாறிவிடுகிறது. அத்தையின் மாணவிகள் யாரும் புள்ளியை நினைத்துப் பார்த்து வைக்கவில்லை. 'வந்தாள்' என்று கேட்டால் வ, புள்ளி, ந, த, கால், புள்ளி, ள என்று கை போகும். ஒரு சொல் காதில் விழும்போதே, அதில் மெய்யெழுத்து எங்கே வரப்போகிறது என்று கைக்கு ஓர் எழுத்து முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமான திறமை. அதற்கு ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை.

இதற்கு நடுவே 1978-இல் எழுத்தே மாறியது. பெரியார் 1935-இலேயே 'குடி அரசு' இதழில் கடைப்பிடிக்கத் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணா, றா, னா போன்றவற்றின் சுழித்த வடிவங்களும், லை, ளை, னை, ணையின் யானைத் துதிக்கைகளும் போய்விட்டன. எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள். சிங்கப்பூரும் மலேசியாவும் 1980களில் ஏற்றுக்கொண்டன. இன்றைய இளைஞர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது, அவ்வளவு முழுமையாக அது வென்றுவிட்டது.

அது ஏன் வென்றது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. படிப்பவருக்கு அது புதிதாக எதையும் கேட்கவில்லை. கா, சா, தா தெரிந்தவருக்கு 'னா' பார்த்ததும் புரியும். கண் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கை பழகவில்லை. என் பாட்டி 1999-இல் இறக்கும்வரை கடிதத்தில் துதிக்கைதான் போட்டார். அரசாணையைப் பற்றி அவருக்கு எதிர்ப்பெல்லாம் ஒன்றுமில்லை, எம்.ஜி.ஆர். ரசிகை வேறு. கை அப்படி எழுதியது, அவ்வளவுதான். யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. பழைய மிஷின்களும் மறுநாள் காலையில் உருகிப்போய்விடவில்லை.

கணினி வந்தபோது கதை வேறு மாதிரி ஆனது.

தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு செய்தார். கனடாவில் ஸ்ரீநிவாசன் ஆதமி செய்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வுக்கு நடுவே கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து, பின்னால் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் செய்தார், 1997-இல் முதல் தமிழிணைய மாநாட்டையும் கூட்டினார். ஒவ்வொருவரும் தனித்தனியாக, தங்கள் வீட்டு மேசையில், தங்களுக்குச் சரியென்று பட்ட இடத்தில் எழுத்தை வைத்தார்கள். 'க'வுக்கு ஒருவர் கொடுத்த எண் இன்னொருவரிடம் 'ழ'வாக இருக்கும். ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் கணினியில் கெட்ட கனவு மாதிரி தெரியும். தமிழ்நாட்டிலும் அச்சகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, அரசு அலுவலகத்துக்கு ஒன்று என்று எழுத்துருக்கள் பெருகின. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி பரவியது. பாமினியில் 'அம்மா' என்பது ஆங்கில விசையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். சிலர் அதை அப்படியே வாசிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடியது. அங்கிருந்து வந்தது தமிழ்99 விசைப்பலகை. அதே ஆண்டு ஜூனில் அரசாணையும் வந்தது.

தமிழ்99 அழகான வடிவமைப்பு. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். அதிகம் வரும் க, ப, ம, த, ந, ய விரல் ஓய்வெடுக்கும் நடுவரிசையில். கொம்பு, கால், சுழி என்று துண்டுகள் கிடையாது. 'க' அடித்து 'ஒ' அடித்தால் 'கொ'. இரண்டு 'ம' அடித்தால் முதல் 'ம'வுக்குத் தானே புள்ளி விழும், ந-வுக்குப் பின் த அடித்தாலும் அப்படியே. தமிழ் ஒலிகள் எப்படிச் சேரும் என்று தெரிந்த யாரோ உட்கார்ந்து செய்த வேலை அது. 'அம்மா'வுக்கு மிஷினில் ஐந்து அடி, இதில் நான்கு. 'கொண்டு' அடிக்க மிஷினில் ஆறு, இதில் ஐந்து. ஒரு நாளைக்குப் பத்து மனு அடிப்பவருக்கு இது சின்ன லாபமில்லை.

ஆனால் அத்தை அதைத் தொடவே இல்லை. அவர் மட்டுமில்லை, ஹையர் பாஸ் செய்த அவருடைய மாணவிகள் ஒருவர்கூட. இதைப் பழமைவாதம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். எனக்குக் காரணம் வேறாகத் தெரிகிறது. அரசு ஒரு கையால் தமிழ்99-ஐத் தரமாக அறிவித்தது. இன்னொரு கையால், வேலை தரும் தட்டச்சுத் தேர்வைப் பழைய மிஷினிலேயே நடத்திக்கொண்டிருந்தது. கருங்குழிக்குச் சைக்கிள் மிதித்து வந்த பெண்ணுக்கு எந்த விசைப்பலகை அறிவியல்பூர்வமானது என்பது கேள்வியே இல்லை. எது சான்றிதழ் தரும் என்பதுதான் கேள்வி. ஒரே விரல்களில் இரண்டு வரிசைகளை வைத்திருக்க முடியாது. முயன்றவர்களுக்குத் தெரியும், இரண்டாவது ஏறும்போது முதலாவது கலங்கும்.

அமெரிக்காவில் ஆகஸ்ட் ட்வோராக் 1936-இல் ஆங்கிலத்துக்கு மேம்பட்ட விசைப்பலகை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் மேன்மை எவ்வளவு என்று இன்றும் சண்டை நடக்கிறது, உலகம் குவெர்ட்டியில் தட்டிக்கொண்டே. உங்கள் காலத்துக் கதைகளும் உண்டு. 2018-இல் ஸ்னாப்சாட் தன் செயலியைத் திருப்பிப் போட்டபோது, பழையபடி மாற்று என்று பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2024 மே மாதம் சோனோஸ் நிறுவனம் தன் ஒலிபெருக்கிகளுக்குப் புதுச் செயலி விட்டது. அலாரம், தூங்கும் நேரக் கணக்கு மாதிரி பழையவர்கள் தினம் பயன்படுத்திய வசதிகள் அதில் இல்லை. அடுத்த ஜனவரியில் தலைமை அதிகாரி பதவி விலகினார். இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் மாடி அறை ஞாபகம் வரும். அங்கேயும் ஒரு மறுவடிவமைப்பு நடந்தது. மனு போட இடமில்லை.

அத்தை 1998-இல் கடன் வாங்கி ஒரு கணினியும், தமிழ் மென்பொருள் ஒன்றும் வாங்கியிருந்தார். கம்பெனிப் பெயர் வேண்டாம். மிஷின் படித்தவர்களுக்காகவே செய்தது அது, வரிசை அப்படியே மிஷின் வரிசை. புள்ளியையும் முன்னாலேயே அடிக்கலாம். எழுத்துருவில் அந்தப் புள்ளி வலப்பக்கம் சாய்ந்து, அடுத்து வரும் எழுத்தின் தலைமேல் போய் நிற்கும்படி வரைந்திருந்தார்கள். யாரோ டைப்பிஸ்டுகளை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்தது. அத்தை ஒரே மத்தியானத்தில் மிஷினிலிருந்து கணினிக்கு வந்துவிட்டார். பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை மூலம், கோயில் நோட்டீஸ், எல்லாம் அதில்தான். சும்மா சொல்லக் கூடாது, மூன்று வருடம் அத்தை மகாராணி மாதிரி இருந்தார்.

2001-இல் அந்தக் கம்பெனியின் ஆள் புது வெர்ஷனோடு வந்தார். கூடுதலாக எழுத்துருக்கள், கூடுதலாக ஓரப்படங்கள். பழையதுக்கு இனிமேல் சர்வீஸ் கிடையாது என்றார். போட்டுவிட்டுப் போனார். அத்தை ஒரு மனுவைத் திறந்தார். எல்லாப் புள்ளியும் ஓர் எழுத்து முன்னால் ஏறி நின்றது. 'அம்மா'வில் 'அ' தலையில் புள்ளி. மூன்று வருடக் கோப்புகளும் அப்படி. புது வெர்ஷனில் எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளி வைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் எழுதுவது மாதிரி. அதுதான் இயல்பு, புதுசா வர்றவங்களுக்கு ஈஸி என்று போனில் சொன்னார்கள்.

"புதுசா வர்றவங்க வரட்டும்பா. வந்துட்டவங்க இன்னா பண்றது?" என்று அத்தை கேட்டார். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் என்ற தெனாவட்டில், "புள்ளி பின்னாடிதானே அத்த வரணும்? அதானே லாஜிக்கு?" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

ஒரு வாரம் முயன்றார், பிறகு பழைய வெர்ஷனைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டார் என்றுதான் எங்கள் வீட்டு வரலாறு. அந்தக் கணினியை இணையத்தில் சேர்க்கவில்லை, எதையும் புதுப்பிக்கவில்லை. 2009 வரை விண்டோஸ் 98-லேயே ஓட்டினார்.

நான் சொன்ன லாஜிக் என் சொந்தச் சரக்கு இல்லை. உலகமே அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டில் 1988-இலேயே முடிவானது அது. அதை அடியொற்றித்தான் 1991-இல் யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு அது நம் கணினிகளுக்குள் வந்தது. யூனிகோடில் எழுத்து சேமிக்கப்படுவது உச்சரிக்கும் வரிசையில். 'கொ' என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பு திரையில் இடப்பக்கம் போய் நிற்பது வரைகிற நிரலின் பாடு. முத்தையாவின் மிஷின் கண்ணுக்கு எழுதியது, யூனிகோட் காதுக்கு எழுதுகிறது. தேடுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் இதுதான் வசதி. யாரும் யாருக்கும் அனுப்பலாம், யாரும் படிக்கலாம். இந்தக் கட்டுரையை நீங்கள் எதையும் தரவிறக்காமல் வாசிப்பதே அதனால்தான். யூனிகோடைக் குறை சொல்ல என்னால் முடியாது. தமிழுக்கான இடங்கள் போதாது என்ற வாதம் ரொம்ப காலம் நடந்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோது, டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அந்தச் சண்டைக்குள் போனால் இன்னொரு கட்டுரை ஆகும்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. அரசும் பெரிய கம்பெனிகளும் தரத்தை அறிவித்துவிட்டுப் போய்விட்டன. விரல்களை யார் கவனித்தார்கள் என்றால், சில தனி ஆட்கள். தமிழா குழுவினர் எ-கலப்பை செய்தார்கள். விஸ்வநாதன் அழகி செய்தார். நியூ ஹொரைசன் மீடியாவிலிருந்து என்எச்எம் ரைட்டர் வந்தது. இவற்றின் பட்டியலைத் திறந்தால் ஒருவர் விரலையும் விட்டுவிடக் கூடாது என்ற கவலை தெரியும்: அஞ்சல், தமிழ்99, பாமினி, தட்டச்சு. பழைய தட்டச்சு முறையில் நீங்கள் புள்ளியை முன்னால் அடித்தால், அந்த நிரல் புள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். எழுத்து வந்ததும் அதை முன்னால் விட்டுப் புள்ளியைப் பின்னால் வைக்கும். அடிப்பவருக்கு மிஷின், உள்ளே யூனிகோட். சுரதாவின் பொங்கு தமிழ் மாற்றியும் என்எச்எம் மாற்றியும் பழைய எழுத்துருக் கோப்புகளைப் புதுக் குறியீட்டுக்குக் கொண்டுவந்தன. மதுரைத் திட்டத்துக்காரர்கள் தாங்கள் தட்டி வைத்திருந்த நூல்களை டிஸ்கிக்கும், அங்கிருந்து யூனிகோடுக்கும் மாற்றினார்கள், சம்பளமில்லாமல். மறுவடிவமைப்பு என்று நாம் கொண்டாடுவதெல்லாம் முன்வாசல். பழையவர்கள் உள்ளே வர யாரோ பின்னால் ஒரு சந்தைத் திறந்து வைத்திருந்தார்கள்.

கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்தால், தட்டச்சுக்காரர்களும் இல்லை, தமிழ்99-உம் இல்லை. 'ammaa' என்பதை ஆங்கில விசையிலேயே ஒலிப்படி தட்டி 'அம்மா'வாக்கும் முறைதான் ஜெயித்தது. வலைப்பூ காலத்தில் வந்த கூட்டம் எதையும் கற்றிருக்கவில்லை, எதையும் கற்கவும் விரும்பவில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். தமிழ்99-ஐப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதிய இந்தக் கட்டுரையை அதில்தான் தட்டுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. 2013-இல் ஐபோனில் அஞ்சலும் தமிழ்99-உம் சேர்ந்தே வந்தன. இப்போது பாதிப்பேர் தட்டுவதே இல்லை, போனிடம் பேசிவிடுகிறார்கள். யாருக்காக அந்தப் புள்ளியைப் பின்னால் தள்ளினார்களோ, அந்தப் 'புதுசா வர்றவங்க' விசைப்பலகையே வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

இனி சிடி.

அத்தையின் இன்ஸ்டிட்யூட்டில் மத்தியானம் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் அவர் ஒரு வேலை செய்துவந்தார். ஏரிக்கரைக் கழனிகளில் நடவு நட்ட பாட்டிகளைக் கூட்டிவந்து, டீ வாங்கிக்கொடுத்து, நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு எல்லாம் பாடச் சொல்லி, பாடப் பாட அப்படியே டைப் அடித்தார். டேப் ரெக்கார்டர் இல்லையா என்றால், இருந்தது, கேசட் காசு. யாரும் கேட்டுச் செய்ததில்லை. புத்தகமாகப் போடும் எண்ணமும் முதலில் இல்லை. அச்செடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அந்தக் காகிதங்கள் கூழாகிவிட்டன. பாடியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தது சிடியில் நாற்பத்தொரு கோப்புகள். போன வருடம் அத்தைக்கு எழுபத்தொன்று நடந்தபோது, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால், "அத மட்டும் படிக்கிற மாதிரி பண்ணிக் குடுரா" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம்.

மென்பொருள் எப்போதோ மறைந்துவிட்டது. எழுத்துருவுக்கு நெருக்கமான ஒரு மாற்றி கிடைத்தது. போட்டேன். எழுத்தெல்லாம் வந்தது, புள்ளிகள் மட்டும் பேயாட்டம். 'வந்தாள்' என்பது 'வ்நதா்ள' என்று நின்றது. அரைமணி நேரம் மாற்றியைத் திட்டிவிட்டு, அப்புறம்தான் புரிந்தது. கோப்பில் தவறே இல்லை. அத்தையின் விரல் எந்த வரிசையில் விழுந்ததோ அந்த வரிசையில் அப்படியே இருக்கிறது. புள்ளியும் அடுத்த மெய்யும் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இரண்டையும் இடம் மாற்று என்று ஒரே ஒரு வரி நிரல். ஓட்டியதும் முப்பத்தெட்டுக் கோப்புகள் கண்ணாடி மாதிரி துலங்கின.

மூன்று மட்டும் கெட்டன. அவற்றில் என் நிரல் சரியான புள்ளிகளை இழுத்துத் தவறான இடத்தில் வைத்திருந்தது. கோப்பின் தேதிகளைப் பார்த்தேன். மூன்றும் 2001 ஜூலை, அடுத்தடுத்த நாட்கள். அத்தை புது வெர்ஷனைக் கற்றுக்கொள்ள முயன்ற வாரம். எழுத்து, அப்புறம் புள்ளி. எழுத்து, அப்புறம் புள்ளி. பதினெட்டு வருடப் பழக்கத்தை எதிர்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்திருக்கிறார். வழக்கமாகத் தப்பே விடாதவரின் பக்கத்தில் அழித்து அடித்த தடங்கள், விட்டுப்போன கால்கள். முதல் கோப்பில் ஒரு பாட்டுத்தான். இரண்டாவதில் இரண்டு.

மூன்றாவது கோப்பு ஓர் ஒப்பாரி. பாதிவரை புதுவரிசை. ஓர் இடத்தில், வரியின் நடுவில், ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குள், புள்ளி முன்னால் போய்விட்டது. அதிலிருந்து பாட்டு முடியும்வரை பழைய வரிசை. ஒரு தப்பு இல்லை, ஓர் அழிப்பு இல்லை. ஆனால் அன்றைக்குத் திரையில் அந்தப் பாதி முழுக்கப் புள்ளி தடம்மாறித்தான் தெரிந்திருக்கும். பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டுமே.

அச்செடுத்த பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் அந்த இடத்தைக் காட்டிக் கேட்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார். யார் பாடியது என்று சொன்னார், ஏரிக்கரைத் தெருக் கிழவி, மகனைப் பறிகொடுத்தவள்.

"அதுவரைக்கும் நிறுத்தி நிறுத்திதான் பாடிச்சி. அந்த எடத்துல அதுக்கு அழுக வந்துடிச்சி, நிறுத்தல, பாடிக்கினே போச்சி. கை அதுபாட்டுக்குப் போயிருச்சு. ஸ்கிரீன நான் எங்கடா பாத்தேன்? அந்தம்மா மொகத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார் அத்தை.